நிணநீர்க் கணுப் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்த பின்னர் கழுத்தில் கட்டி: காதோரத் தோல் புற்றுநோய் பற்றி அறிந்தவர்கள் உதவுங்கள்

ஒட்டுசுட்டான் மகள்:

அனைவருக்கும் வணக்கம். எனது அப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இன்றும் வயலும் தோட்டமும் செய்பவர். 2009 ஆம் ஆண்டு யுத்தத்தின் இறுதிக் காலத்தில் அவருடைய இடது காதின் முன்பக்கத்திலிருந்து நெற்றிப்பொட்டு வரை எரிகாயம் ஏற்பட்டது. காயம் ஆறித் தழும்பாகிவிட்டபோதிலும், அந்தத் தழும்பின் ஒரு மூலை மட்டும் வெயில் காலங்களில் வெடித்து நீர் வடிவதும், பின்னர் பொருக்குக் கட்டுவதுமாகவே பல ஆண்டுகள் கழிந்தன. பின்னர் அந்த இடம் ஆறாப் புண்ணாகி, ஓரங்கள் தடித்து உயர்ந்து, துவாயால் துடைத்தாலே இரத்தம் கசியத் தொடங்கியது. பயொப்சி, அதாவது புண்ணில் சிறு துண்டெடுத்துப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, அது செதிட்கலப் புற்றுநோய், அதாவது ஸ்குவாமஸ் செல் காசினோமா என்று சொன்னார்கள்.

சத்திரசிகிச்சையில் புண்ணை அகலமாக வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அதே நேரத்தில் நீலச் சாயம் ஏற்றி, கழுத்திலிருந்து இரண்டு நிணநீர்க் கணுக்களையும் (நெறி கட்டும்போது வீங்குபவை) எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டிலும் புற்றுநோய்க் கலங்கள் இல்லை என்று அறிக்கை வந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்கள் வீடு மறுபடியும் சிரித்தது.

இப்போது ஒரு வருடத்துக்குச் சற்று மேலாகிவிட்ட நிலையில், இடது காதுச் சோணைக்குக் கீழே, தாடை எலும்பு வளையும் இடத்துக்குப் பின்னால், கச்சான் அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. நோவு இல்லை. ஆனால் கல்லுப் போல இறுக்கமாக இருக்கிறது. அருகிலுள்ள வைத்தியசாலையில் நெறி கட்டியிருக்கிறது என்று சொல்லி அன்ரிபயோட்டிக் கொடுத்தார்கள்; மருந்து முடிந்த பின்னரும் அது சுருங்கவில்லை. அப்பாவின் அடுத்த கிளினிக் திகதிக்கு இன்னும் பல வாரங்கள் இருக்கின்றன.

பரிசோதித்த கணுக்களில் நோய் இல்லை என்று சொன்ன பிறகு அதே பக்கத்துக் கழுத்தில் எப்படிக் கட்டி வர முடியும்? அன்று செய்த பரிசோதனை பிழையானதா? ஊசி குத்திச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்று மாமி தடுக்கிறார். சித்தப்பா உடனே இந்தியாவுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். அப்பாவோ எதையும் கேட்காமல் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுகிறார். இது நோயின் கடைசிக் கட்டம்தானா என்பதை யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

வவுனியா தாதி:

அன்புள்ள தங்கச்சிக்கு, நான் சத்திரசிகிச்சைப் பிரிவுகளில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர். அப்பாவின் அறிக்கைகளைப் பார்க்காமல் அவருக்கு என்ன நேர்ந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைச் சொல்ல முடியும். அதற்கும் முன்னதாக ஒன்று: அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். தலையிலோ முகத்திலோ தோல் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்ற ஒருவருக்குக் கழுத்தில் புதிதாக இறுகிய கட்டி தோன்றி, இரண்டு மூன்று வாரங்களாகியும் குறையாமல் இருந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அதை நோயின் மீள்வருகையாகக் கருதியே நடக்க வேண்டும். டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, பயொப்சி அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு, திகதி இல்லாவிட்டாலும் சத்திரசிகிச்சை செய்த பிரிவின் கிளினிக்குக்கே நேரே போய், "புதிய கட்டி வந்திருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். புதிய கட்டியோடு வரும் பழைய நோயாளியை எந்தக் கிளினிக்கும் திகதியைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தோலின் ஓரிடத்திலிருந்து வடியும் நிணநீர் முதலில் சென்று சேரும் கணுவை சென்டினல் நோட் அல்லது காவற்கணு என்கிறார்கள். புற்றுநோய்க் கலங்கள் நிணநீர் வழியாகப் புறப்பட்டால் முதலில் அங்கேதான் தங்கும் என்பதே இந்தப் பரிசோதனையின் அடிப்படை. டொனால்ட் மோர்ட்டன் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும், தோலின் நிறக் கலங்களில் தொடங்கும் மெலனோமா என்ற வேறொரு புற்றுநோய் வந்த நோயாளிகளில் நீலச் சாயத்தைப் பயன்படுத்தி இந்த முறையை 1992 ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பின்னர் மார்பகப் புற்றுநோயில் அது வழமையாகியது. மார்பகத்தின் நிணநீர் சென்று சேரும் அக்குளைப் பொறுத்தவரையில் இது பெரும்பாலும் நேரான வேலை. தலையும் கழுத்தும் அப்படியல்ல. உடலிலுள்ள நிணநீர்க் கணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழுத்திலேயே நெருங்கிக் கிடக்கின்றன. ஒரே புண்ணிலிருந்து நிணநீர் இரண்டு மூன்று திசைகளில் ஒரே நேரத்தில் ஓடலாம். காதுக்கு முன்னாலும் நெற்றிப்பொட்டிலும் வரும் புண்ணுக்கு முதற்கணு பெரும்பாலும் பரோட்டிட் எனப்படும் உமிழ்நீர்ச் சுரப்பியின் உள்ளேயே பதிந்திருக்கும். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பியின் நடுவாகச் செல்வதனால், அங்கே ஒரு சிறிய கணுவைத் தேடி எடுப்பது எவருக்கும் இலகுவானதன்று.

நீலச் சாயத்தை மட்டும் நம்பிச் செய்யும்போது, கண்ணுக்கு நீலமாகத் தெரிந்த கணு மட்டுமே கையில் வரும். ரெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளையும் ஏற்றி, கதிர் உணரும் கருவியால் தேடினால் ஆழத்தில் இருப்பவையும் அகப்படும். ஆயினும் புண்ணும் கணுவும் மிக அருகருகே இருக்கையில், ஊசி ஏற்றிய இடத்தின் கதிர்வீச்சே பக்கத்திலுள்ள கணுவின் சமிக்ஞையை மூடிவிடுவதுண்டு. உங்கள் அப்பாவின் விடயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. எரிகாயத் தழும்பு இருக்கும் இடத்தில் நிணநீர்க் குழாய்கள் சிதைந்து, ஓடும் வழியே மாறியிருக்கக் கூடும். எடுத்த கணுவையும் ஆய்வுகூடத்தில் மெல்லிய சீவல்களாக வெட்டித்தான் பார்க்கிறார்கள். ஒரு சீவலில் இல்லாத சில கலங்கள் அடுத்த சீவலில் இருக்கலாம். இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்த இடங்களிலும், நோய் இல்லை என்று அறிக்கை பெற்றவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு அதே கழுத்தில் நோய் திரும்பியிருக்கிறது. தலை, கழுத்துப் பகுதியில் இந்தத் தவறவிடும் வீதம் உடலின் ஏனைய இடங்களை விட அதிகம் என்பதை உலகெங்கும் இத்துறையினர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அன்று யாரோ பிழை விட்டார்கள் என்று இப்போதே முடிவுகட்டி மனம் புழுங்க வேண்டாம். அந்த அறிக்கை சொன்னது, அன்று எடுத்த அந்த இரண்டு கணுக்களில் அன்று நோய் காணப்படவில்லை என்பதை மட்டுமே. மீதிக் கழுத்துக்கு அது பிணை நிற்கவில்லை.

மாமியிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: மெல்லிய ஊசியால் கலங்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி பரிசோதனையினால் நோய் பரவிவிடுமென்று பயப்படத் தேவையில்லை. இரத்தம் எடுக்கும் ஊசியை ஒத்த மெல்லிய ஊசிதான் அது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஸ்கான் பார்த்துக்கொண்டே குத்தினால் இன்னும் நம்பகமானது. உண்மையில் தவிர்க்க வேண்டியது, எதுவென்று தெரியாமலே கழுத்துக் கட்டியைக் கீறித் துண்டெடுப்பதுதான். அது பின்னர் செய்ய வேண்டிய முழுமையான சத்திரசிகிச்சையைச் சிக்கலாக்கிவிடும். எங்கள் நாட்டில் கழுத்தில் நெறி கட்டுவதற்குக் கசநோயும் ஒரு காரணம் என்பதனால், ஊசிப் பரிசோதனை அதையும் பிரித்துக் காட்டும். எனவே வரும் விடை எதுவாக இருந்தாலும் அது அப்பாவுக்குப் பயன்படும்.

அப்பாவிடம் இன்னும் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். தழும்பைச் சுற்றி அல்லது கன்னத்தில் விறைப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, இடது கண்ணை இறுக மூட முடியாமை, வாய் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவற்றில் எதுவாவது இருக்கிறதா? செதிட்கலப் புற்றுநோய் சிலருக்கு நரம்பைப் பற்றிக்கொண்டு மண்டையோட்டின் அடிப்பகுதியை நோக்கி நகரும். கணுப் பரிசோதனைக்கு அந்தப் பாதை தெரியாது. அப்படி ஏதாவது இருந்தால் வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள், எம்.ஆர்.ஐ தேவைப்படலாம். பழைய பயொப்சி அறிக்கையிலும் நரம்பைச் சுற்றி நோய் இருந்ததா, எவ்வளவு ஆழத்துக்குப் போயிருந்தது, ஓரங்கள் சுத்தமாக இருந்தனவா என்று எழுதியிருப்பார்கள். இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட அகலம், ஆறு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட ஆழம், கலங்கள் மிகவும் உருமாறிய நிலை, நரம்பைப் பற்றியிருத்தல், பழைய தழும்பில் தோன்றியிருத்தல் ஆகியவை நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டுபவை. காதும் உதடும் இயல்பிலேயே ஆபத்துக் கூடிய இடங்கள்.

கடைசிக் கட்டமா என்று கேட்டிருந்தீர்கள். கழுத்துக் கணுவுக்கு வந்த நோயும், நுரையீரலுக்கோ எலும்புக்கோ போன நோயும் ஒன்றல்ல. கழுத்தோடு நிற்கும் செதிட்கலப் புற்றுநோயைக் குணப்படுத்தும் நோக்கத்தோடேயே சிகிச்சை செய்கிறார்கள். பலர் குணமடைந்துமிருக்கிறார்கள். அதற்கு இந்த வாரம் வீணாகாமல் இருப்பதுதான் முக்கியம்.

செட்டிகுளம் வாசகர்:

தங்கச்சி, தாதி அம்மா எழுதியவற்றோடு நோயாளியாக என் பக்கத்தையும் சேர்க்கிறேன். எங்கள் பகுதியில் சிறுநீரக நோய் பல வீடுகளை வாட்டியிருப்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் சிறுநீரகம் மாற்றப்பட்டது. மாற்றிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க எடுக்கும் மருந்துகள் உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதனால், செதிட்கலத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்புப் பல மடங்கு கூடுமென்றும், அவற்றில் அசதியோபிரின் என்ற மருந்து தோலை வெயிலுக்கு இலகுவில் இடங்கொடுக்கச் செய்யுமென்றும் எனக்கு உச்சந்தலையில் புண் வந்த பின்னர்தான் விளங்கியது.

என்னுடைய கணுப் பரிசோதனையிலும் நோய் இல்லை என்றே வந்தது. எனக்குத் திரும்பியது கழுத்திலல்ல. வெட்டிய தழும்புக்கும் காதுக்கும் இடையிலுள்ள தோலின் அடியில் இரண்டு சிறிய மணிகளாக அது தோன்றியது. கணுவுக்குப் போகும் வழியிலேயே நோய்க் கலங்கள் தங்கி வளர்வதுண்டு என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். ஆகவே கழுத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்தியடையாமல், தழும்பிலிருந்து காதைச் சுற்றி, காதுக்குப் பின்புறம், பிடரி, தாடையின் கீழ், நாடிக்கு அடி, காறை எலும்பின் மேற்பக்கம் என்று முழுவதையும் தடவிப் பாருங்கள். நான் மாதத்தில் ஒரு நாள், குளித்துத் தோல் ஈரமாக இருக்கும்போது, மூன்று விரல்களின் நுனியால் மெல்ல வட்டமாக உருட்டிப் பார்க்கிறேன். தலையின் பின்பக்கத்தை எனக்குத் தெரியாதபடியால் மனைவி பார்க்கிறார். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் தாடையின் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியைக் கட்டியென்று நினைத்துப் பயப்படுபவர்கள் பலர்; அது இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், மென்மையாகவும் இருக்கும்.

எனது மருந்துகளைச் சிறுநீரக வைத்தியரும் புற்றுநோய் வைத்தியரும் கலந்து பேசி மாற்றினார்கள். இதை எழுதுவதற்குக் காரணம், சிறுநீரகம் மாற்றியவர்கள் இதை வாசித்தால், தாங்களாக மருந்தை நிறுத்திவிடாமல் அந்த இரு வைத்தியர்களையும் ஒருவருடன் ஒருவர் பேச வைக்க வேண்டும் என்பதுதான்.

அப்பா தோட்டத்துக்குப் போகட்டும், தடுக்காதீர்கள். தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்குக் காதும் நெற்றிப்பொட்டும் வெளியே தெரியும். அகலமான ஓலைத் தொப்பியும், காலை பத்து மணிக்கு முன்னரும் பின்னேரமும் வேலை செய்வதும் போதும்.

ஒட்டுசுட்டான் மகள்:

உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இந்தப் பதில்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாள் விடிய முன்னரே பஸ் எடுத்துப் பரந்தன் வழியாகப் போனோம். கிளினிக்கில் கட்டியைத் தொட்டுப் பார்த்த வைத்தியர் அன்றே ஊசிப் பரிசோதனைக்கு எழுதினார்.

விடை வந்துவிட்டது. செதிட்கலப் புற்றுநோய்க் கலங்கள் இருக்கின்றன. சி.ரி ஸ்கானில் பரோட்டிட் சுரப்பியின் கீழ்ப் பகுதியில் ஒரு கணுவும், அதற்குக் கீழே கழுத்தில் இன்னொரு சிறிய கணுவும் தெரிகின்றன. நெஞ்சில் எதுவும் இல்லை. முகம் கோணவில்லை, விறைப்பும் இல்லை. சுரப்பியையும் கழுத்துக் கணுக்களையும் எடுத்துவிட்டு, பின்னர் ஆறு வாரங்கள் கதிர்ச்சிகிச்சை கொடுக்க வேண்டுமென்று சொல்கிறார்கள். இணையத்தில் வாசித்தபோது, கழுத்துக் கணுக்களை முழுவதுமாக எடுப்பதால் உயிர் காக்கும் பயன் இல்லையென்று ஓர் ஆய்வு சொல்வதாக இருந்தது. புதிய ஊசி மருந்து ஒன்று வந்திருப்பதாகவும் இருந்தது. கதிரோடு கீமோவும் சேர்த்துக் கொடுத்தால் நல்லதல்லவா என்று சித்தப்பா கேட்கிறார். எதை நம்புவது?

தெல்லிப்பழைக் கதிர்ப்பிரிவில் இருந்தவர்:

அன்புத் தங்கைக்கு, நான் பிறந்து வளர்ந்தது மாங்குளம். கதிர்ச்சிகிச்சைத் தொழினுட்பவியலாளராகத் தெல்லிப்பழையில் பல ஆண்டுகள் வேலை செய்தேன்.

நீங்கள் வாசித்த ஆய்வு மெலனோமாவைப் பற்றியது. காவற்கணுவில் மிகச் சிறிய அளவில் நோய் இருந்த மெலனோமா நோயாளிகளுக்கு, மீதமுள்ள கணுக்களை உடனே எடுப்பதும், ஸ்கான் மூலம் கவனித்துத் தேவைப்படும்போது எடுப்பதும் உயிர் தப்பும் வீதத்தில் வேறுபடவில்லை என்று 2017 இல் வெளியான எம்.எஸ்.எல்.ரி 2 ஆய்வு காட்டியது. அது மிக முக்கியமான ஆய்வு. எத்தனையோ பேருக்குத் தேவையற்ற சத்திரசிகிச்சையையும் கைவீக்கத்தையும் தவிர்த்திருக்கிறது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு இருப்பது வேறு வகை நோய். கையால் தொட்டால் தெரியும் அளவுக்குக் கணுவும் வளர்ந்துவிட்டது. அந்த முடிவை இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது. இரண்டும் தோல் புற்றுநோய் என்ற ஒரே பெயரில் அழைக்கப்படுவதனால் இந்தக் குழப்பம் பல வீடுகளில் வருகிறது. சிலர் இதை வாசித்துவிட்டுச் சத்திரசிகிச்சையையே மறுத்து, பின்னர் புண் வெளியே வெடித்த நிலையில் வந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கீமோவைப் பற்றி உங்கள் சித்தப்பா கேட்டது நியாயமான கேள்வி, அதற்குத் தெளிவான விடையும் இருக்கிறது. தலை, கழுத்துத் தோலில் ஆபத்துக் கூடிய செதிட்கலப் புற்றுநோய் வந்து சத்திரசிகிச்சை செய்துகொண்ட 321 பேரை வைத்து அவுஸ்திரேலியா, நியூசிலாந்து வைத்தியர்கள் செய்த ஆய்வு 2018 இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குக் கதிர் மட்டும். மற்றவர்களுக்குக் கதிரோடு கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தும். இரண்டு ஆண்டுகளின் முடிவில் கழுத்திலோ பழைய இடத்திலோ நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதற்குழுவில் 88 வீதம், இரண்டாவது குழுவில் 89 வீதம். கீமோவைச் சேர்த்ததால் பயன் கூடவில்லை. இந்த எண்ணை நான் இன்னொரு காரணத்துக்காகவும் எழுதுகிறேன்: சத்திரசிகிச்சையும் கதிரும் ஒழுங்காகக் கிடைத்தால் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கழுத்து சுத்தமாக இருந்திருக்கிறது. அப்பாவுக்குச் சொல்லப்பட்டிருப்பது இந்தச் சிகிச்சைதான். இதற்காக இந்தியா போகக் காணி விற்க வேண்டியதில்லை; பயணத்திலும் விசாவிலும் மூன்று மாதங்கள் கரைவதுதான் பெரிய நட்டம்.

புதிய ஊசி மருந்து என்று நீங்கள் வாசித்தது செமிப்ளிமாப்பாக இருக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்கோ கதிருக்கோ அடங்காத செதிட்கலத் தோல் புற்றுநோய்க்கு 2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கீமோ போலக் கலங்களைக் கொல்லாமல், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பி வேலை செய்வது. 2022 இல் வெளியான ஓர் ஆய்வில், சத்திரசிகிச்சைக்கு முன்னரே அதைப் பெற்ற 79 பேரில் பாதிப் பேருக்கு, வெட்டியெடுத்த இழையத்தில் உயிருள்ள புற்றுநோய்க் கலம் ஒன்றுகூட இருக்கவில்லை. சத்திரசிகிச்சையும் கதிரும் முடிந்த ஆபத்துக் கூடிய 415 பேரில் செய்த இன்னோர் ஆய்வு 2025 இல் வந்தது. மருந்து பெற்றவர்களில் 87 வீதமானோரும், பெறாதவர்களில் 64 வீதமானோரும் இரண்டு ஆண்டுகளில் உடலில் எங்குமே நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் விலை மிக அதிகம், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஏற்ற வேண்டும், சிறுநீரகம் மாற்றிய செட்டிகுளத்து ஐயா போன்றவர்களுக்கு அது மாற்றிய உறுப்பையே தாக்கச் செய்யலாம். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் வரும் அறிக்கையில் எத்தனை கணுக்களில் நோய், கணுவின் உறையைத் தாண்டி வெளியே பரவியிருக்கிறதா என்பவை தெரிந்துவிடும். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு புற்றுநோய் வைத்தியரிடம் இந்த மருந்தைப் பற்றிக் கேளுங்கள். அதைக் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

கதிர்ச்சிகிச்சைக்கு முன்னர் கட்டாயம் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். வெற்றிலை போடும் எங்கள் பெரியவர்களுக்குப் பழுதான பற்கள் இருக்கும். கதிர் பெற்ற தாடையில் பின்னர் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. பிடுங்க வேண்டியவற்றை முன்கூட்டியே பிடுங்கிப் புண் ஆறவிட வேண்டும். முகத்துக்கு அளவெடுத்து வலை போன்ற ஒரு முகமூடி செய்வார்கள். இளஞ்சூட்டில் இளகியிருக்கும் பிளாஸ்ரிக் தகட்டை முகத்தில் வைத்து அழுத்த, சில நிமிடங்களில் அது இறுகிவிடும். பதுங்குகுழி அனுபவமுள்ள சிலருக்கு அதை மேசையோடு பூட்டும்போது மூச்சு முட்டுவது போலிருக்கும். அப்படி ஒருவர் எழுந்து ஓடிவிடப் பார்த்தார். அவருக்குக் கண் பகுதியை வெட்டித் திறந்துவிட்டு, ஒலிவாங்கி மூலம் வெளியிலிருந்து தொடர்ந்து பேசிக்கொண்டே சிகிச்சையை முடித்தோம். அப்பாவுக்கும் அந்தப் பயம் இருக்குமென்று நினைத்தால் வெட்கப்படாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வழமையாக 60 கிறே (கிறே என்பது கதிரை அளக்கும் அலகு) அளவை 30 தடவையாகப் பிரித்து, வாரத்துக்கு ஐந்து நாட்கள் கொடுப்பார்கள். இரண்டாவது மூன்றாவது வாரத்திலிருந்து தோல் சிவந்து எரியும், வாய் வறளும், உறைப்பும் புளியும் சாப்பிட முடியாது. தண்ணிச்சோறு, பால்கஞ்சி, முட்டை, மீன் சொதி என்று இளக்கமாகக் கொடுங்கள். ஒட்டுசுட்டானிலிருந்து நாளாந்தம் வந்துபோவது இயலாத காரியம். யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்க ஒழுங்குசெய்யுங்கள், இல்லையென்றால் விடுதி வசதி பற்றி வாட்டில் கேளுங்கள். இடையில் நாள் விடாதீர்கள். கோயில் திருவிழாவென்று ஒரு வாரம் வீட்டுக்குப் போய் வந்தவர்களின் சிகிச்சைக்கு அந்த இடைவெளி கெடுதல் செய்கிறது.

பரந்தன் ஆசிரியை:

இந்த உரையாடலை வாசித்துக்கொண்டிருந்தபோது எனது வகுப்புப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரே நினைவுக்கு வந்தார்கள். எரிகாயத் தழும்பும், செல்துண்டு கிழித்த தழும்பும் இல்லாத வீடுகள் எங்கள் பகுதியில் குறைவு. பழைய தழும்பில் வரும் இந்தப் புற்றுநோய், காயம் பட்டுப் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் தோன்றக் கூடியது என்றும், சாதாரண வெயிலால் வருவதை விட விரைவாகக் கணுக்களுக்குப் போகும் இயல்புடையது என்றும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடந்த ஒரு கருத்தரங்கில் கேட்டேன். 2009 இல் பட்ட காயங்களுக்கு அந்தக் காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், அடிக்கடி வெடிக்கும் தழும்பு, ஓரம் தடித்து மேலெழும் புண், நாற்றம் வீசும் கசிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிக்கொண்டு இருக்காமல் பயொப்சி எடுக்கச் சொல்ல வேண்டும். புண்ணின் நடுவிலல்லாமல் ஓரத்திலிருந்தும், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலிருந்தும் துண்டெடுத்தால்தான் நோய் தவறாமல் அகப்படும் என்பதையும் அங்கே சொன்னார்கள். தங்கச்சி, உங்கள் அப்பா சம்மதித்தால், அவருடைய கதையை எங்கள் ஊர்ப் பெற்றோர் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் பகிர விரும்புகிறேன்.

ஒட்டுசுட்டான் மகள்:

அப்பா சம்மதம் என்று சொல்லச் சொன்னார். பெயரையும் சொல்லலாமாம், நான்தான் வேண்டாமென்றேன்.

சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்திருக்கிறார்கள். பல் வைத்தியரிடம் நேற்றுக் காட்டினோம், பின்பக்கத்து இரண்டு பற்களைப் பிடுங்கச் சொன்னார். முகத்தை அசைக்கும் நரம்புக்கு ஆபத்து வருமா என்று சத்திரசிகிச்சை வைத்தியரிடம் கேட்டேன். கட்டி நரம்பைப் பற்றியிருக்காவிட்டால் அதைக் காப்பாற்றவே முயல்வதாகவும், சில மாதங்களுக்கு உதட்டின் ஓரம் சற்றுத் தளர்ந்து பின்னர் சரிவரக் கூடுமென்றும் விளங்கப்படுத்தினார். தோள்பட்டையை உயர்த்தும் நரம்பும் கழுத்தில் ஓடுவதனால், பிறகு மண்வெட்டி பிடிப்பதற்கு உடற்பயிற்சி தேவைப்படுமாம்.

வவுனியா தாதி:

நல்ல செய்தி, தங்கச்சி. அந்தத் தோள் பயிற்சியைத் தையல் வெட்டும் வரை காத்திராமல், எப்போது தொடங்கலாமென்று வாட்டிலேயே பிசியோதெரப்பி உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாமதித்தால் மூட்டு இறுகிவிடும். சிகிச்சை முடிந்த முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும், இரண்டாவது ஆண்டில் இரண்டு முதல் நான்கு மாதத்துக்கு ஒரு தடவையும், அதன் பின்னர் ஐந்தாவது ஆண்டு வரை நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் காட்டுவதே இந்த நிலையிலுள்ளவர்களுக்குச் சொல்லப்படும் ஒழுங்கு. திரும்பும் நோயில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தலைகாட்டும். ஒவ்வொரு தடவையும் கழுத்தை மட்டுமன்றி, உடையைக் கழற்றி உடம்பிலுள்ள மற்றத் தழும்புகளையும் காட்டச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சை அறிக்கை வந்ததும் அதில் எழுதியிருப்பதை இங்கே பதிவிடுங்கள். விளங்காத வரிகளை வைத்தியரிடம் எப்படிக் கேட்பதென்று சேர்ந்து பார்ப்போம்.